கன்னியம்மாவின் போணி

ஏகாம்பரம் ஐயா காலி மேடையைப் பார்த்து, "கெண்டை எப்படிம்மா?" என்று கேட்டார்.

மேடையில் ஆளும் இல்லை, மீனும் இல்லை. அந்த மேடைக்காரி கன்னியம்மா செத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அடுத்த மேடையில், அவர் கையை நீட்டினால் எட்டும் தூரத்தில், அன்னக்கூடை நிறையக் கெண்டையை வைத்துக்கொண்டு நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, கெண்டை இங்க இருக்குதுங்க. இப்பதான் ஏரியிலேர்ந்து வந்துச்சு. இன்னும் துடிச்சிகினு இருக்குது பாருங்க" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. காலி மேடையையே பார்த்துக்கொண்டு, ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு, "அடேங்கப்பா! அவ்ளோ சொன்னா எப்படி? போன தடவை கொறச்சிதானே குடுத்த?" என்றார். மறுபடியும் காத்திருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

எதற்குச் சிரித்தார்? யார் என்ன சொன்னார்கள்? காலை ஏழரை மணி. பளிச்சென்று வெயில் அடிக்கிறது. மலைமேல் முருகன் கோயில் மைக்கில் பாட்டு ஓடுகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

சிரித்து முடித்ததும் பையை விரித்துக் காலி மேடைப் பக்கம் நீட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். மணவூரிலிருந்து ஒரு வாசகி, நான் எழுதும் இந்தத் தொடருக்குக் கடிதம் போட்டிருந்தார். 'இத்தனை வருஷம் ஏரி மீன் விற்றேன் என்கிறீர்களே, ஏன் விட்டீர்கள்? யாராவது விரட்டினார்களா?' என்று கேட்டிருந்தார். அவர் சும்மா கேட்டிருப்பார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பத்தாவது வரை படித்த கையால் எழுதுகிறேன். எழுத்துப்பிழையை ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும், என் கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். யாரும் என்னை விரட்டவில்லை அம்மா. விரட்டியிருந்தால் நான் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

ஆறு மேடை

திருத்தணி மீன் மார்க்கெட்டில் எங்களுக்கென்று ஒரு வரிசையில் ஆறு சிமெண்ட் மேடைகள். ஏரி மீன் மட்டும்தான் விற்போம். கடல் மீன்காரர்கள் எதிர்வரிசை. அவர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். அவர்கள் ஐஸில் கிடந்த மீனைக் கூவிக் கூவி விற்பார்கள். எங்கள் கூடையில் விரால் துள்ளி, வாங்க வந்தவர் வேட்டியை நனைக்கும்.

ஆபரேஷன் ஆனவர் வீட்டுக்கு விரால். மாப்பிள்ளை விருந்துக்குக் கட்லா தலை. மழை விட்ட மறுநாள் ஊருக்கே கெளுத்திக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் செதில் உரசும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவது காதில் விழாது.

மூன்றாவது மேடை கன்னியம்மாவுடையது. நான்காவது என்னுடையது. பதினேழு வருஷம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அதில் பேசிக்கொண்ட நாட்களைவிட முறைத்துக்கொண்ட நாட்கள் அதிகம்.

அவள் பேச்சு சர்க்கரை. "வா என் தங்கமே, வா என் ராசா, உனக்குன்னே எடுத்து வெச்சிகினு இருக்கேன்" என்பாள். எழுபது வயதுக்காரரும் அவளுக்குத் தங்கம்தான். என் வாய் வேறு மாதிரி. "வாங்கறதா இருந்தா வாங்குங்க. சும்மா வயித்த அமுக்கி அமுக்கிப் பாக்காதீங்க, அது இன்னா பலூனா?" இதுதான் என் வியாபாரம்.

ஆனால் மீன் என்னுடையதுதான் உசத்தி. இதை எந்தச் சந்நிதியில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். என் வீட்டுக்காரர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஓர் ஏரியில் தானே இறங்கி வலை போட்டு, மொபெட்டில் கொண்டுவந்து இறக்குவார். அவர் எனக்கு அத்தை மகன். கட்டிக்கொள்வதற்கு முன்பும் பாவா, பின்பும் பாவா. கன்னியம்மாவோ ஆந்திரா லாரியில் வரும் குளத்து மீனையும் கலந்து விற்பாள். அது தெரிந்தும் ஜனங்கள் அவளிடம்தான் போனார்கள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மறுநாள் வராத கிருத்திகை

எங்கள் ஊரில் கிருத்திகை என்றால் மீன் வேகாது. பாய்மார்கூட அன்றைக்கு எங்கள் பக்கம் அதிகம் வர மாட்டார்கள். கடைத்தெருவே அடங்கியிருக்கும். ஆடியில் காவடி வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நிற்கும்போது, நாங்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய் வேடிக்கை பார்ப்போம். கவலைப்பட மாட்டோம். சாமிக்காக விடுகிறார்கள், மறுநாள் இரண்டு மடங்கு பசியோடு வருவார்கள். வருவார்கள்.

ஊரடங்கெல்லாம் முடிந்து மார்க்கெட் திறந்த பிறகு வந்த வருஷங்களில், எங்கள் வரிசைக்குத் தினமும் கிருத்திகை மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் மட்டும் வரவே இல்லை.

சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். சண்டை எனக்குப் பழகிய விஷயம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து வருஷமாக என்னிடம் கட்லா வாங்கிய ஒரு டீச்சரம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை எலும்பில்லாத கோழிக்கறி பாக்கெட்டோடு என் மேடைக்கு முன்னால் நடந்து போனார். "டீச்சர்!" என்று கூப்பிட்டேன். நின்றார். என் முகத்தைப் பார்த்தார். யார் கூப்பிட்டது என்று தேடுகிறவர் மாதிரி என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு நடந்துவிட்டார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் திமிர் என்று நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் கண்ணுக்கு நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். முள், பிள்ளைகள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். மண் வாடை. ஏரியில் சாக்கடை கலக்கிறது. குளத்து மீனுக்கு ஊசி போடுகிறார்களாம், செல்போனில் வீடியோ வந்ததாம். இப்போது போனில் அழுத்தினால் கழுவி நறுக்கிய வஞ்சிரம் டப்பாவில் வீட்டுக்கே வருகிறது. எல்லாம் நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் எப்படித் தோன்றியது? அதே முள்ளைச் சப்பிச் சப்பித் துப்பியவர்கள்தானே?

நெல்லூர்ப் பக்கத்து மீன் லாரி டிரைவர் ஒருவர் எங்கள் மார்க்கெட் வாசலில் டீ குடிக்க நிற்பார். அவரிடம் ஒரு நாள் புலம்பினேன்.

"இங்க மட்டும் இல்லக்கா. வடக்க போற லோடே கொறஞ்சி பூடுச்சு. கல்கத்தாவுல வாங்கறவங்க போனே எடுக்க மாட்டேங்கறாங்க" என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குளத்துல மீனு பெருசாயிகினே போவுது, புடிக்க ஆளு வரல. கரையில போயி நின்னா எல்லாம் மேல வந்து, நம்மளப் பாத்து வாயத் தொறந்துகினு நிக்குது. எத்தினி வாயி தெரியுமா? பாக்கவே ஒரு மாதிரி இருக்குதுக்கா. நான் இப்பல்லாம் லாரியவிட்டு எறங்கறதில்ல."

அதைக் கேட்ட பிறகு பல நாள், கண்ணை மூடினால் எனக்குக் குளம் குளமாக வாய்கள் தெரிந்தன. திறந்து திறந்து மூடிக்கொண்டு, சத்தமில்லாமல்.

எங்கள் வரிசையிலும் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். முதல் மேடைக்காரி பொதட்டூர்பேட்டையில் மகள் வீட்டோடு போய்த் தறிக்கு நூல் சுற்றுகிறாள். இரண்டாவதும் ஐந்தாவதும் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டார்கள். ஆறாவது மேடையில் ஒரு பையன் செல்போன் கவர் விற்கிறான். கன்னியம்மா மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு தை மாதம் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

சாவுக்குப் போனேன். "ஏண்டி, என்னை ஒண்டியா உட்டுட்டுப் பூட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். சண்டைக்காரிக்காக எனக்கு இவ்வளவு கண்ணீர் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாவா வைத்த கெடு

பாவா கோபப்பட மாட்டார். எங்கள் வீட்டுக்கு வேண்டிய கோபத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். அவர் ஒரு நாள் காலையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, மொபெட்டில் ஏறாமல் நின்றார்.

"அம்சா, நான் யாருக்கு வலை போடறேன்? நேத்து குடுத்த மீனு அப்படியே திரும்பி வந்துச்சு. அரக்கோணத்துல ஒரு ஒர்க் ஷாப்ல வாட்ச்மேன் வேலைக்கிக் கூப்பிடறாங்க. உனக்கும் அங்கியே சமையல் வேலை இருக்குதாம்."

"நான் மீன்காரி. சமையக்காரி இல்ல."

"மீனை யாரு வாங்கறா?"

"வாங்குவாங்க. நீ போ."

அவர் போகவில்லை. "சரி, ஒரே பேச்சு. தெனம் ஒரு போணி ஆவணும். ஒண்ணே ஒண்ணு ஆனாப் போதும், மறுநாளு வலை போடறேன். என்னிக்கி ஒண்ணுகூட ஆவலையோ, அன்னிக்கி வலைய சுருட்டிடறேன். நீயும் எழுந்து வந்துடணும்."

போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். மார்க்கெட்டில் உட்காருகிறவளுக்கு அது சாமி மாதிரி. முதலில் வந்தவரைக் கையை வீசிக்கொண்டு திரும்ப விடமாட்டோம். அவர் கொடுத்ததைக் கண்ணில் ஒற்றித் தராசைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரு போணிகூட ஆகாமலா போகும்? "ஆங், சரி" என்றேன் திமிராக.

கொஞ்ச நாள் சமாளித்தேன். மெக்கானிக் பாய் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் ஜிலேபி மீன் வாங்குவார். பஸ் ஸ்டாண்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அம்மா மற்ற நாளில் கை கொடுத்தார். பிறகு பாய் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக் கடை அம்மாவும், "யாரும் தொட மாட்டேங்கறாங்க அம்சா, தட்டுல ஒதுக்கி வெச்சிடறாங்க" என்று பாதி நாள் வராமல் இருந்தார். அந்த நேரத்தில்தான் ஏகாம்பரம் ஐயா வந்து காலி மேடையிடம் விலை கேட்டார்.

அவர் பொதட்டூர்பேட்டையில் லுங்கி வாங்கி ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். வீடு திருத்தணியில். வருஷக்கணக்கில் கன்னியம்மாவின் வாடிக்கை. மனைவி இறந்ததும் அவருக்கு ஞாபகம் தடுமாறிப் போய், மகன் வீட்டில் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கன்னியம்மா செத்தது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரிந்திருந்தாலும் மறந்திருக்கும்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். பையை விரித்துக் காலி மேடைப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு எனக்கு வேறு ஒரு ஈ காக்கை வரவில்லை. பாவா சாயங்காலம் கேட்பார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வராது. நான் என் மேடையிலிருந்தே எக்கி, இரண்டு கெண்டையை எடுத்து அவர் பைக்குள் போட்டேன்.

அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "நல்ல மீனாதான் குடுத்திருக்க" என்று காலி மேடையிடம் சொன்னார். நோட்டை எடுத்து அந்த மேடை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை வரவில்லை. அது யாருடைய போணி?

இடம் மாறினேன்

இரண்டாம் நாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் அவர் காலி மேடையிடம் ரொம்ப நேரம் பேரம் பேசினார். முகம் சுருங்கியது. "ரொம்ப ஜாஸ்தி சொல்ற கன்னியம்மா. போ, எனக்கு வேணாம்" என்று பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! பாவி, செத்த பிறகும் விலையை ஏற்றிச் சொல்லி என் வியாபாரத்தைக் கெடுக்கிறாளே! "ஐயா, ஐயா, நான் கொறச்சித் தரேங்க" என்று பின்னாலேயே ஓடினேன். அவர் காதில் விழவே இல்லை. நல்லவேளையாக அன்றைக்குச் சாப்பாட்டுக் கடை அம்மா வந்து என் மானத்தைக் காப்பாற்றினார்.

மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்னியம்மா மேடையில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த உடனே எழுந்துவிட்டேன். மேடை நனைந்திருந்தது. யாரும் அதைக் கழுவுவதில்லை, மழையும் இல்லை, மேலே தகரக் கூரை வேறு. இப்போதுதான் யாரோ மீனைக் கழுவி எடுத்த மாதிரி சில்லென்று ஈரம். செல்போன் கவர் பையனிடம் கேட்டேன். "அது எப்பவுமே ஈரமாத்தான்க்கா இருக்கும்" என்றான், போனைவிட்டுத் தலையைத் தூக்காமல். முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஏழரைக்கு ஐயா வந்தார். நேராக என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"இன்னா கன்னியம்மா, நேத்து அவ்ளோ கோவமா பேசிட்ட?"

நான் அம்சாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "வா என் தங்கமே. உன்மேல எனக்கு இன்னா கோவம்? உனக்குன்னே எடுத்து வெச்சிகினு இருக்கேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மீன் வாங்கி, நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தினமும் தவறாமல் ஒரு போணி.

நாகமணி

ஒரு நாள் அவர், "உன் பொண்ணு மாசமா இருந்துச்சே, இன்னா கொழந்த?" என்று கேட்டார்.

"பொண்ணுங்க. நாகமணின்னு பேரு வெச்சிருக்குது" என்றேன். செதிலைச் சீவிக்கொண்டே, யோசிக்காமல். பொய் சொல்கிறோம், வாயில் வந்ததைச் சொல்வோம் என்றுதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் கன்னியம்மாவின் மகளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு நிற்கிறாள். "பொண்ணா? இன்னாடி பேரு?" என்று கன்னத்தைக் கிள்ளினேன்.

"நாகமணி, அத்தை."

கையை இழுத்துக்கொண்டேன். "உங்கம்மாவா வெச்சா?"

"அம்மா எங்க பாத்துச்சு? அது பூட்டப்புறம்தான் இவ பொறந்தா. போன மாசந்தான் பேரு வெச்சோம்."

பாவாவிடம் சொன்னேன். "யாராச்சும் சொல்லியிருப்பாங்க, உனக்கு மறந்திருக்கும்" என்றார். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் எண்ணிக்கொண்டேன்.

ஆனால் வீட்டிலும் என் கை வேறாகிக்கொண்டிருந்தது. நான் மீனைத் தலையிலிருந்து வெட்டுகிறவள். கன்னியம்மா வாலிலிருந்து வெட்டுவாள், அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது என் வீட்டு அரிவாள்மணையில் மீன் வாலிலிருந்து துண்டாகிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு, "வா என் தங்கமே, துன்ன வா" என்று கூப்பிட்டேன்.

பாவா வாசலிலேயே நின்றுவிட்டார். முப்பது வருஷத்தில் நான் அவரை ஒரு தடவைகூடத் தங்கமே என்றதில்லை. சந்தோஷப்பட வேண்டிய மனிதர், பேயைப் பார்த்த மாதிரி பார்த்தார்.

"எப்பவும் போல திட்டு அம்சா" என்றார். "எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

பின்பக்கத்துப் பூனைகள்

ஏகாம்பரம் ஐயாவின் மருமகள் ஒரு நாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நல்ல மாதிரியான பெண்.

"நீங்கதான் மாமாவுக்கு மீன் குடுக்கறீங்களா?"

"ஆங், நான்தான். ஏன், மீனு நல்லா இல்லியா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்று தயங்கினாள். "எங்க வூட்ல யாரும் ஏரி மீனு துன்றதில்ல. பசங்களுக்கு அந்த வாடையே ஆவாது. மாமாவும் கொண்டாந்து குடுத்ததோட மறந்துடறாரு. பின்பக்கம் பூனைங்க வருதுங்க, அதுங்களுக்குப் போட்டுடறேன்."

கழுத்தளவு தண்ணீரில் பாவா நிற்கிற நிற்பு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நிறுத்தச் சொல்ல வரலீங்க" என்றாள் அவசரமாக. "டாக்டர் அவர நடக்கச் சொல்லியிருக்காரு. இங்க வர்றதுன்னா மட்டும்தான் கெளம்பறாரு. போயிட்டு வந்தா அன்னிக்கிப் பூரா சிரிச்சிகினே இருக்காரு. நீங்க எப்பவும் போல குடுங்க. வெட்டித் தர சிரமம் மட்டும் வேணாம், முழுசாவே குடுத்துடுங்க."

பூனைக்கு எதற்கு வெட்ட வேண்டும் என்று அர்த்தம். அவளைத் திட்டவும் முடியவில்லை. "ஆங், சரிங்கம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் பாவா, "போணி ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கோபக்காரி

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஐயா மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து மேடையைப் பார்த்தார். என்னுடைய மேடை. நான் கன்னியம்மா இடத்துக்கு வந்ததிலிருந்து அது காலியாகத்தான் கிடந்தது.

"இங்க ஒண்ணு ஒக்காந்துகினு இருந்துச்சே, கோவக்காரி. அது எங்க காணோம்?"

என் கை நின்றுவிட்டது. "எந்தக் கோவக்காரிங்க?"

"அதாம்மா, அம்சா."

இத்தனை வருஷத்தில் அம்சா என்று தெரிந்து என்னிடம் ஒரு மீன் வாங்கியதில்லை. என் பேர் அவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. அவர் குனிந்து, ரகசியம் கேட்கிற மாதிரி, "பூடுச்சா?" என்றார். "செத்துப் பூடுச்சா அது?"

நான்தான் அம்சா என்று சொன்னால் கன்னியம்மா இல்லாமல் போய்விடுவாள். கன்னியம்மா இல்லாவிட்டால் போணி இல்லை. போணி இல்லாவிட்டால் வலை இல்லை. இது அத்தனையும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது.

"ஆங்" என்றேன். "பூடுச்சுங்க."

"அடப் பாவமே. எப்போ?"

"ஆச்சுங்க, ரொம்ப நாளு."

அவர் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். "உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா கன்னியம்மா, நல்ல மீனு அதுகிட்டதான் இருக்கும். என் வூட்டுக்காரிகூட அங்க வாங்கு, அங்க வாங்குன்னுதான் சொல்லுவா. அது வாய்க்குப் பயந்துகினு நான் ஒரு நாளும் போவல. ஒரே ஒரு நாளாச்சும் போயிருக்கலாம்."

அவர் போன பிறகு என் மேடையைப் பார்த்தேன். தூசி படிந்திருந்தது. யாரோ வாழைப்பழத் தோலை எறிந்திருந்தார்கள். அது செத்தவளுடைய மேடைதான், சந்தேகமே இல்லை. நான் உட்கார்ந்திருந்த மேடைதான் ஈரமாக, உயிரோடு இருந்தது.

வீட்டுக்குப் போய் பாவாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பூனையையும் சேர்த்து.

"நாளைக்கி உன் எடத்துல ஒக்காரு" என்றார் கடைசியில். "போணி ஆவலைன்னாலும் போவுது. நீ நீயா ஒக்காரு."

"ஏன் ஆவாது?" என்றேன். எனக்கு ரோஷம் பொங்கிவிட்டது. "நல்ல மீனு என்கிட்டதான்னு அவரு வாயாலியே சொல்லிட்டாரு இல்ல? என் எடத்துல ஒக்காந்து, என் பேர சொல்லி, என் கையாலயே அவருக்குக் குடுக்கறேன், பாரு."

போயிடும்மா

மறுநாள் விடிந்ததும் என் மேடையைத் தேய்த்துக் கழுவினேன். நல்ல புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டேன். பாவா பொறுக்கிக் கொடுத்த கெண்டைகளை வரிசையாகப் பரப்பினேன். கல்யாண வீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஏழரைக்கு ஐயா வந்தார். மூன்றாவது மேடைக்கு முன்னால் நின்றார்.

"கெண்டை எப்படிம்மா?"

காத்திருந்தார். இந்தத் தடவை அவருக்குப் பதில் வரவில்லைபோல. முகம் குழம்பியது. "கன்னியம்மா?" என்றார். மறுபடியும், "கன்னியம்மா?"

என் வாழ்நாளில் நான் யாரிடமும் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. "ஐயா, இங்க வாங்க. நான்தான் அம்சா. நல்ல மீனு வெச்சிருக்கேன்."

திரும்பினார். பார்த்தார். நான் சிரித்தேன்.

அவர் கையிலிருந்து பை விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்சா செத்துப்போனாள் என்று அவரிடம் சொன்னவள் நான்தான். எல்லாவற்றையும் மறக்கிறவர் அதை மட்டும் மறக்கவில்லை. செத்துப்போனவள் பூ வைத்துக்கொண்டு, மீனைப் பரப்பிக்கொண்டு, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பயப்படாதீங்க! உசுரோடதான் இருக்கேன். நான் சும்மா சொன்னேங்க, தப்புதாங்க" என்று எழுந்தேன். நான் சொன்னது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

ஆனால் அவர் ஓடவில்லை. கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, மலை விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்து, என்மேல் படாமல் ஜாக்கிரதையாக, மேடையின் ஓரத்தில் வைத்தார். கை கூப்பினார். பிறகு சொந்த மகளிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"இன்னும் எதுக்கும்மா இங்க ஒக்காந்துகினு இருக்க? ஏரி மீன இப்ப யாரும் வாங்கறதில்லம்மா. எல்லாம் முடிஞ்சி பூடுச்சு. உனக்கு யாரும் சொல்லலியா? நீ போயிடும்மா. நிம்மதியா போயிடு."

இல்லை, யாரும் சொல்லவில்லை. டீச்சரம்மா சொல்லவில்லை. வருஷக்கணக்கில் வாங்கிவிட்டு ஒரு நாள் காணாமல் போன ஒருத்தரும் என் முகத்துக்கு நேராக வந்து இதைச் சொல்லவில்லை. ஞாபகம் போன ஒரு மனிதர், பயத்தில் நடுங்கிக்கொண்டே வந்து சொல்கிறார்.

எனக்குக் கோபமே வரவில்லை. அழுகைதான் வந்தது. "ஆங், சரிங்க ஐயா" என்றேன். "போறேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பையை எடுத்து உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மணி எட்டுகூட ஆகவில்லை. பத்து வரை காத்திருந்திருக்கலாம், சாப்பாட்டுக் கடை அம்மா வந்தாலும் வந்திருப்பார். நான் காத்திருக்கவில்லை. செல்போனை எடுத்து பாவாவைக் கூப்பிட்டேன்.

"வலைய சுருட்டிடு பாவா."

பாவா பயந்துகொண்டே கேட்டார்.

"யாரு பேசறது? அம்சாவா?"

"ஆங்" என்றேன். "அம்சாதான்."